தாலி கட்டாத தகப்பன்

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டால் அடுத்த கேள்வி உடனே வரும். "இனிஷியல் என்ன?" பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்பார், ரேஷன் கடையில் கேட்பார்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் கேட்பார்கள். மற்ற மாநிலத்தார் சாதிப் பெயரையோ குடும்பப் பெயரையோ பின்னால் தொங்கவிட்டுக்கொள்ள, நாம் அப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் நிறுத்தினோம். நல்ல காரியம்தான். சாதி வால் அறுந்தது. ஆனால் அந்த ஒற்றை எழுத்துக்கு வேறொரு பாரமும் ஏறிவிட்டது. "இனிஷியல் இல்லாத பயல்" என்று ஒருவனைத் திட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வசையைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பலர் பேசியிருக்கிறார்கள். தாயின் பக்கத்திலிருந்தும் பேசியிருக்கிறார்கள். இன்று நான் மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரன். தாலி கட்டாமல் தகப்பனானவன்.

குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் குழந்தை இருக்கும். அவன் போன் எண்ணை மாற்றியிருப்பான். ஆகவே "திருமணமாகாத தகப்பனின் உரிமை" என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கே முதலில் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலைக் குறைத்தவன் ஒரு வெல்டிங் பட்டறைப் பையன்.

இருபத்தாறு வயதிருக்கும். கை நிறையத் தீப்புண் தழும்பு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான். குழந்தை பிறந்தது. பெண் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போனார்கள். பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசி முடித்தார்கள். குழந்தை பாட்டியிடம். இவன் வாசலில் போய் நின்றால் நாயை அவிழ்த்து விடுகிறார்கள். "வக்கீலம்மா, பணம் காசு எதுவும் கேக்கல. நான் குடுக்கவும் தயார். புள்ளைய மாசத்துல ஒரு நாள் கண்ணுல காட்டச் சொல்லுங்க, போதும்" என்றான்.

"நீதான் அப்பன் என்பதற்கு என்னப்பா வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். பாலிதீன் பையைப் பிரித்தான். ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டுகள், செல்போனில் நூறு படம், ஒரு தடுப்பூசி அட்டை. அட்டையில் அந்தப் பெண் தன் கையெழுத்திலேயே இவன் பெயரை எழுதியிருந்தாள். பிறப்புச் சான்றிதழ்? அதில் தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

அந்த வெற்றிடத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

நம் சட்டத்தில் "தகப்பன் யார்?" என்ற கேள்விக்கு ரத்தம் முதல் பதில் இல்லை. திருமணம்தான் முதல் பதில். 1872-ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் வரைந்த சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இப்படிச் சொல்லிற்று: செல்லத்தக்க திருமணம் நிலவுகையில் பிறந்த பிள்ளை, அல்லது திருமணம் முறிந்து, தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாளுக்குள் பிறந்த பிள்ளை, அந்தக் கணவனின் பிள்ளையே. அதற்கு மேல் சாட்சி வேண்டாம். கருத்தரிக்கக்கூடிய காலத்தில் இருவரும் அணுகவே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள் என்று காட்டினால் மட்டுமே அதை உடைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எண் 116 என்று மாறியிருக்கிறது, விதி மாறவில்லை. விக்டோரியா மகாராணி காலத்து விதி, செயற்கைக்கோள் காலத்திலும் அப்படியே.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். கரு எப்போது உண்டானது என்று இந்தப் பிரிவு தொடங்கவில்லை, பிள்ளை எப்போது பிறந்தது என்று தொடங்குகிறது. அந்தப் பனியன் கம்பெனிப் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்பே வேறொருவனோடு கல்யாணம் நடந்திருந்தால், அந்தப் புது மாப்பிள்ளைதான் சட்டத்தின் முதல் பார்வையில் தகப்பன். பட்டறைப் பையன் வாசலுக்கு வெளியே நிற்கிற அந்நியன்.

விதியைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். அது பிள்ளையைக் காப்பாற்ற வந்த விதி. மனைவி மீது சந்தேகப்பட்டவனெல்லாம் "இது என் பிள்ளை இல்லை" என்று ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பான். அவனைத் தடுக்கிற மதில் அது. ஆனால் மதில் இரண்டு பக்கமும் மறைக்கும்.

மதிலுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. அங்கே அனுமானம் கிடையாது, நிரூபிக்க வேண்டும். பழைய காலத்தில் எப்படி நிரூபித்தார்கள்? சகுந்தலையை நினைத்துக்கொள்ளுங்கள். காளிதாசன் சொன்ன மோதிரக் கதையைத்தான் நமக்குத் தெரியும். வியாச பாரதத்தில் மோதிரமே இல்லை. துஷ்யந்தன் அவையில், மகனோடு வந்து நின்ற அவளைத் தெரியாது என்கிறான். வானத்திலிருந்து அசரீரி, "இவன் உன் மகன்தான், ஏற்றுக்கொள்" என்கிறது. அதற்குப் பிறகு அரசன் சொல்வதுதான் வேடிக்கை: எனக்கு முன்பே தெரியும், அவள் பேச்சை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் ஊர் சந்தேகப்படும் என்பதால்தான் மறுத்தேன் என்கிறான். ஒரு வக்கீலாக அந்த வாதத்தை நான் ரசிக்கிறேன், ஒரு பெண்ணாக ரசிக்கவில்லை. ஆனால் விஷயம் அதில் இருக்கிறது. தகப்பன் யார் என்பது அவனுக்குத் தெரிந்தால் போதாது, அவைக்குத் தெரிய வேண்டும்.

நம் காலத்து அசரீரி 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் பேசத் தொடங்கியது. அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி மரபணு ரேகையைக் கண்டார். இந்தியாவில் அதை ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் வளர்த்தெடுத்தவர் லால்ஜி சிங். இங்கே அது முதலில் ஏறிய நீதிமன்றங்களில் ஒன்று எது தெரியுமா? நமக்குப் பக்கத்து வீடு, கேரளத்துத் தலச்சேரி. 1980-களின் இறுதி. கல்யாணமாகாத ஒரு பெண், தன் பிள்ளைக்கு இவன்தான் தகப்பன் என்றாள். அவன் இல்லை என்றான். ஐதராபாத் ஆய்வகம் ஆம் என்றது. நீதிமன்றம் அதை ஏற்றது, கேரள உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. நம் நாட்டின் மரபணுச் சாட்சிய வரலாறு தொடங்குகிற இடத்திலேயே ஒரு தாலி கட்டாத தகப்பன் நிற்கிறான்!

அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் டி.என்.ஏ. டெஸ்ட் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1993-லேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. வழக்கமாக உத்தரவிடக் கூடாது, வலுவான முகாந்திரம் வேண்டும் என்றது. 2001-ல் இன்னும் இறுக்கி, 112-ஆம் பிரிவின் மதிலை டி.என்.ஏ. முடிவு மட்டும் உடைக்காது என்றது. 2014-ல் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. முடிவு கையில் இருக்கும்போது அறிவியல் உண்மைதான் சட்டத்தின் அனுமானத்தைவிட மேல் என்றது. 2023-ல் குழந்தையின் பக்கம் நின்று, பெற்றோர் சண்டையில் பிள்ளையைச் சோதனைக்குழாய் ஆக்காதே என்றது. 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. திருமணம் நிலவியபோது பிறந்த மகனுக்கு வேறொருவர்தான் தகப்பன், மாநகராட்சிப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதுங்கள் என்று தாய் கேட்டதில் தொடங்கி, நெடுங்காலம் நீண்டது. கணவன்தான் சட்டப்படி தகப்பன், அந்த மூன்றாமவரை டி.என்.ஏ. சோதனைக்கு இழுக்க முடியாது, அவருக்கும் அந்தரங்கம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் கதையை முடித்தது.

பிரபலமான ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் இரண்டுக்கும் முதலமைச்சராக இருந்த என்.டி. திவாரியைத் தன் தகப்பன் என்று அறிவிக்கக் கேட்டு ரோகித் சேகர் 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். திவாரி சோதனைக்கு வர மறுத்துக்கொண்டே இருக்க, கடைசியில் 2012 மே 29 அன்று டேராடூன் வீட்டில் வைத்து அந்த எண்பத்தாறு வயது மனிதரின் ரத்தத்தை எடுத்தார்கள். ஜூலை 27-ல் உறை பிரிந்தது. ரோகித் சொன்னது சரி. அவர் கேட்டது சொத்தல்ல, ஒரு பெயர். நம் பாஷையில் ஒரு இனிஷியல்.

இவையெல்லாம் தகப்பனை இழுத்துவந்த கதைகள். தானே வருகிறவனுக்குச் சட்டம் என்ன தருகிறது?

கடமையில் குறை வைக்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு. முறையாகப் பிறந்த பிள்ளையாயினும் முறையின்றிப் பிறந்த பிள்ளையாயினும் வசதியுள்ள தகப்பன் சோறு போட வேண்டும். மதம் பார்க்காத பிரிவு அது. நான் மனதாரப் பாராட்டுகிறேன். "முறையின்றிப் பிறந்த" என்ற அடைமொழி மட்டும் எனக்கு எப்போதும் கசக்கும். முறை தவறியவர்கள் இரண்டு பெரியவர்கள், பட்டம் கட்டியது தொட்டிலில் கிடக்கிற சிசுவுக்கு.

உரிமைக்கு வந்தால்தான் கை சுருங்குகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மணவுறவில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் முதல், அவருக்குப் பின் தாய் என்கிறது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அப்படியே தலைகீழ்: தாய் முதல், அவளுக்குப் பின் தகப்பன். பெண்ணுக்கு முதலிடம் கொடுக்க நம் சட்டத்துக்கு அவள் கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்!

2015-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு அடி போனது. கல்யாணமாகாத ஒரு தாய், தன் மகனைச் சேமிப்புக்கு வாரிசாக நியமிக்கப் போனார். தகப்பன் பெயர் கேட்டார்கள், அல்லது காப்பாளர் சான்று கேட்டார்கள். தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே அவரைக் காப்பாளராக்கலாம், தகப்பன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நான் அந்தத் தீர்ப்போடு முழுக்க உடன்படுகிறேன். எட்டிப் பார்க்காதவனுக்கு எதற்கு நோட்டீஸ்? என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பவனையும், தொட்டில் கட்டியவனையும், ஓடிப்போனவனோடு ஒரே வரிசையில் நிறுத்தலாமா?

கேரள உயர் நீதிமன்றத்துக்கு 2021-ல் இந்தக் கேள்வி நேராக வந்தது. சேர்ந்து வாழ்ந்த இருவர். குழந்தை பிறந்தபின் அவன் வெளியூர் போனான், தொடர்பு அறுந்தது. திக்கற்ற தாய், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தாள். கல்யாணமாகாதவள் என்பதால் தாயின் கையெழுத்து மட்டும் போதும் என்று தத்துக்கு விடுவித்துவிட்டார்கள். விதி அப்படித்தான்: தம்பதி என்றால் இரண்டு கையெழுத்து, தனித்தாய் என்றால் ஒன்று. பிறகு இருவரும் சேர்ந்து ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அந்த மனு அந்த வடிவில் நிற்காது என்ற நீதிபதிகள், விஷயத்தைத் தாங்களே மறு ஆய்வாக எடுத்துக்கொண்டு, ஒப்படைப்பைப் பொறுத்தமட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பிறந்த பிள்ளையைத் தம்பதியின் பிள்ளையாகவே கருத வேண்டும், தகப்பனைக் கேட்காமல் விடுவித்தது செல்லாது என்றார்கள். இந்த விஷயத்தில் நம் நாட்டில் வந்த தீர்ப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தகப்பன் என்பதைத் தாலியிலிருந்து பிரித்து, வாழ்ந்த வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

வெளிநாட்டில் இந்த ஞானம் கொஞ்சம் முன்னால் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பதினெட்டு ஆண்டுகள் விட்டுவிட்டுச் சேர்ந்து வாழ்ந்த ஒருவரின் துணைவி இறந்தாள். மணமாகாத தகப்பன் என்ற ஒரே காரணத்தால், தகுதி உண்டா இல்லையா என்றுகூட விசாரிக்காமல் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. இங்கிலாந்தில் 2003 டிசம்பர் 1 முதல், தாயோடு சேர்ந்து போய்ப் பிறப்பைப் பதிந்து தன் பெயரை ஏற்றிக்கொள்கிற தகப்பனுக்குப் பெற்றோர் பொறுப்பு தானாக வந்துவிடுகிறது. ஒரு பதிவேடு, இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. நம்மால் முடியாத காரியமா அது?

சொத்து விஷயத்தில் நம் சட்டம் போடுகிற கோலம் விசித்திரமானது. ஒருவன் முதல் மனைவி இருக்கவே இரண்டாம் தாரம் கட்டுகிறான். அந்தக் கல்யாணம் செல்லாது. ஆனால் இந்துத் திருமணச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி அந்தப் பிள்ளை சட்டமுறைப் பிள்ளை, தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்திலும் தகப்பனுக்கு விழக்கூடிய பங்கிலிருந்து கிடைக்கும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சரி. யாரையும் ஏமாற்றாத, வேறு துணை இல்லாத ஓர் ஆணும் பெண்ணும் எந்தச் சடங்கும் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து பெற்ற பிள்ளை? இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளையைத் தாய்க்கு மட்டுமே உறவு என்கிறது. தகப்பன் உயில் எழுதாமல் செத்தால், தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளைக்கு வரிசையில் இடமில்லை. செல்லாத கல்யாணத்துக்கு இருக்கிற மரியாதை, கல்யாணமே இல்லாத நேர்மைக்கு இல்லை.

இந்த இடத்தில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் கதவு உண்டு. அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய, இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணம். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். இவளை மனைவியாக ஏற்கிறேன், இவனைக் கணவனாக ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் உறவினர், நண்பர் முன்னால் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும். என்னிடம் "நாங்க கல்யாணம் பண்ணிக்கல" என்று வருகிற ஜோடிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, "கோயிலிலோ நண்பன் அறையிலோ மாலை மாற்றிக்கொண்டீர்களா? யார் பார்த்தது?" என்பதுதான். பல நேரம் கல்யாணம் நடந்தே இருக்கும், அவர்களுக்குத்தான் தெரிந்திருக்காது. நீண்ட காலம் கணவன் மனைவியாக ஊர் அறிய வாழ்ந்தாலும் நீதிமன்றம் திருமணம் நடந்ததாகவே அனுமானிக்கும். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. அதில் பேர்போன ஒன்று நம் மாநிலத்திலிருந்து போன வழக்குதான்.

பட்டறைப் பையனுக்கு இந்தக் கதவும் திறக்கவில்லை. மாலையும் இல்லை, சாட்சியும் இல்லை. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் கீழ் மனுப் போட்டோம். பிள்ளையின் நலம்தான் அந்தச் சட்டத்தின் உயிர். அதில் தாலி இல்லை, நலம் இருக்கிறது. எதிர்த்தரப்பில், இவன் யாரென்றே தெரியாது என்றார்கள். டி.என்.ஏ. சோதனைக்கு நான் தயார் என்று இவன் எழுதிக் கொடுத்தான். அந்தத் தடுப்பூசி அட்டையை நீதிபதி கையில் வாங்கி, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, "பெரியவரே, இது உங்க மகள் எழுத்துதானே?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சோதனை வரை போகவில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில், இரண்டு மணி நேரம். அவன் மாதாமாதம் பணம் கட்டுகிறான். பாட்டிதான் பிள்ளையைக் கூட்டிவருகிறாள். முதல் இரண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மூன்றாம் தடவை அவனிடம் "சாப்ட்டியாப்பா" என்று கேட்டதாகச் சொன்னான். தீர்ப்பு நகலைவிட அதைத்தான் பெரிதாகச் சொன்னான்.

இங்கே இளைஞர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். நீங்கள் எப்படி வாழ வேண்டும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, ஆசையுமில்லை. ஆனால் கல்யாணம் செய்யாமல் ஒரு பிள்ளை வரப்போகிறது என்றால், பிரசவ வார்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே போய் நில்லுங்கள். பிறப்புப் பதிவுப் படிவத்தில் தாயோடு சேர்ந்து தகப்பன் பெயரைச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். கொடுக்கிற பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், கையில் கொடுத்த காசுக்குக் கோர்ட்டில் நாக்கு கிடையாது. பிள்ளை பெயரில் ஓர் உயில் எழுதி வையுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அவன் உண்மையாகவே நிற்கிறவன் என்றால், கோபத்தில் அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். ஓடுகிறவன் என்றால் விடுங்கள். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது.

சட்டம் செய்கிறவர்களில் யாராவது இந்த உரையைப் படிக்க நேர்ந்தால், அவர்களிடம் கேட்பது இரண்டே. தாயும் தகப்பனும் சேர்ந்து கையெழுத்திட்டால், தாலி இல்லாவிட்டாலும் அந்தத் தகப்பனுக்குச் சட்டப் பொறுப்பு வரும்படி ஒரு வரி சேர்த்துத் தாருங்கள். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வழி வாரிசுரிமையும் தாருங்கள்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது பிறப்புப் பதிவேடு. பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது.